மின்னலைக் கணக்கிட்ட பேரறிஞர் ஸ்ரைன்மெற்ஸ்

மழைத்தூறல் விழும் மாலைப்பொழுதிலே, வயல்வெளிகளை ஊடறுத்துச் செல்லும் உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழே நீங்கள் நடந்து சென்றிருக்கக்கூடும். அவ்வேளை தலைக்கு மேலே, எண்ணெய்ச் சட்டியில் வடகம் பொரிவது போன்ற சலசலப்பு ஒன்று கேட்கும். நன்கு இருட்டிய பின்னர் கம்பியைச் சுற்றி மங்கலான ஊதா ஒளியும் சில வேளைகளில் தென்படும். பேய் பிசாசு என்று அஞ்ச வேண்டியதில்லை. கம்பியைச் சூழ்ந்துள்ள காற்று, தன்மேல் ஏறும் மின்னழுத்தத்தைத் தாங்கமாட்டாது உடையும் ஒலியே அது. அவ்வொலி எழும்போதெல்லாம் மின்னாற்றலில் ஒரு பங்கு வீணாகின்றது. வீணாவது எவ்வளவு, அதனைக் குறைப்பது எவ்வாறு, கம்பியிலே தொழில் புரிபவனின் உயிருக்கு எங்கிருந்து ஆபத்து வருகின்றது என்னும் கேள்விகளை ஊகத்திலிருந்து கணக்குக்குக் கொண்டுவந்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் சார்ள்ஸ் புரோற்றியஸ் ஸ்ரைன்மெற்ஸ் ஆவார்.

இம்மலருக்கு அவரது வரலாற்றை நாம் தேர்ந்தெடுத்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அவர் ஓர் அகதி.

ஸ்ரைன்மெற்ஸ் 1865ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், அக்காலத்திலே பிரஷ்ய நாட்டுக்கு உரியதாயிருந்த பிரெஸ்லவ் நகரிலே பிறந்தார். இன்று அந்நகர் போலந்து நாட்டிலே வ்ரொட்ஸ்வாவ் என்னும் பெயருடன் விளங்குகின்றது. தந்தையார் புகையிரதப் பகுதியிலே பணியாற்றியவர். தாயார் மகனுக்கு ஒரு வயதாகும்போதே காலமானார். பாட்டியார்தாம் எடுத்து வளர்த்தார். தந்தைக்கும் பாட்டனுக்கும் இருந்தது போலவே இவருக்கும் பிறவியிலேயே முதுகு வளைந்திருந்தது. இடுப்பெலும்பிலும் குறை இருந்தது. வளர்ந்த பின்னரும் நான்கு அடிக்குச் சற்று மேற்பட்ட உயரமே உடையவராயிருந்தார். ஆயினும் படிப்பிலே அவருக்கு நிகரானவர் அப்பள்ளியில் இலர்.

பிரெஸ்லவ் பல்கலைக்கழகத்திலே கணிதமும் வானியலும் கற்றுக்கொண்டிருந்தபோது, பொதுவுடைமைக் கொள்கை கொண்ட மாணவர் குழுவிலே அவர் சேர்ந்தார். அக்காலம் ஜேர்மனியிலே பிஸ்மார்க்கின் ஆட்சிக்காலம். 1878ஆம் ஆண்டிலே கொண்டுவரப்பட்ட சட்டமொன்று சோசலிசக் கட்சியினரின் கூட்டங்களையும் ஏடுகளையும் தடை செய்திருந்தது. குழுவினரின் பத்திரிகைக்கு ஸ்ரைன்மெற்ஸ் ஆசிரியப் பணி செய்தார். காவல் துறையினரின் பார்வை அவர்மீது விழுந்தது. 1888ஆம் ஆண்டு, கலாநிதிப் பட்டத்திற்கான ஆய்வேட்டை எழுதி முடித்துப் பட்டம் வாங்கும் வாயிலிலே நின்ற வேளை, சிறைக்குப் போவதா நாட்டை விட்டுப் போவதா என்ற நிலை வந்தது. வீட்டாருக்குக்கூட உண்மையை முழுதும் சொல்லாமல் அவர் புறப்பட்டுப் போனார். படித்து முடித்த பட்டம் கைக்கு வராமலே போயிற்று.

இப்பள்ளியிலே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர்களுட் சிலருக்கு இந்நிலையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. சான்றிதழ் இல்லாத படிப்பு எத்தகையது என்பதை அவர்கள் அறிவர்.

ஒஸ்திரியா வழியாகச் சுவிற்சர்லாந்து சென்ற ஸ்ரைன்மெற்ஸ், சூரிச் நகரப் பொலிரெக்னிக்கிலே பொறியியல் கற்றார். செய்தித்தாள்களுக்குக் கட்டுரை எழுதியே வயிறு வளர்த்தார். அங்கே அவருடன் ஒரே அறையில் வசித்தவர் அஸ்முசன் என்னும் நண்பர். அமெரிக்காவுக்குப் போக முடிவு செய்த அந்நண்பர், தம்முடன் வருமாறு ஸ்ரைன்மெற்ஸையும் அழைத்தார். 1889ஆம் ஆண்டு, பிரெஞ்சுக் கப்பலொன்றின் கீழ்த்தட்டிலே, மிகக் குறைந்த கட்டணத்தில் இருவரும் பயணஞ் செய்தனர். ஜூன் மாதத் தொடக்கத்திலே நியூயோர்க் துறைமுகத்தை அடைந்தனர்.

குடிவரவு அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். கூன் விழுந்த உடல், பயணத்திலே ஏற்பட்ட நோயினால் வீங்கிய முகம், கையிலே காசில்லை, வாயிலே ஆங்கிலம் இல்லை. உழைத்துச் சீவிக்க இயலாதவர் என்று கருதித் திருப்பி அனுப்ப எத்தனித்தார்கள். அஸ்முசன் குறுக்கிட்டார். தமது கையிலிருந்த பணத்தை எடுத்துக் காட்டி, இது எங்கள் இருவருக்கும் உரியது, இவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது என்ற கருத்துப்படப் பேசினார். நண்பரின் வாய்ச்சொல்லை ஏற்று வாயிலைத் திறந்து விட்டனர். இந்நிகழ்ச்சி எல்லிஸ் தீவிலே நடந்ததாகப் பலர் எழுதுவர். எல்லிஸ் தீவு நிலையம் 1892ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. எனவே அது பொருந்தாது.

வேலை தேடி அலைந்தவருக்கு, நியூயோர்க்கை அடுத்த யொங்கர்ஸ் என்னும் ஊரிலே, ருடோல்வ் ஐக்கமையர் என்பவரின் தொழிற்சாலையிலே படம் வரைபவராக இடம் கிடைத்தது. கிழமைக்கு 12 டொலர் சம்பளம். தொப்பி செய்யும் இயந்திரங்களை ஆக்கிப் பெயர் பெற்ற ஐக்கமையர், மின்மோட்டர்களிலும் ஈடுபட்டிருந்தார். அவரும் ஜேர்மானியரே. 1848ஆம் ஆண்டு தொடங்கிய புரட்சியிலே பங்குகொண்டு, அது தோல்வியுற்றதும் நாட்டை விட்டு வந்தவர். முன்னர் வந்த அகதி, பின்னர் வந்த அகதிக்குக் கதவு திறந்தார். வந்தவரிடம் பட்டம் இருக்கின்றதா என்று அவர் பார்க்கவில்லை. கணக்குத் தெரிகின்றதா என்று பார்த்தார்.

இனி, கணக்குக்கு வருவோம். வீட்டுக்கு வரும் மின்னோட்டம் ஒரே திசையில் ஓடுவதில்லை. ஒரு செக்கனிலே 50 அல்லது 60 தடவை முன்னும் பின்னும் ஊசலாடுகின்றது. இதனையே ஆடலோட்டம் என்கின்றோம். மோட்டர்களிலும் நிலைமாற்றிகளிலும் உள்ள இரும்பு, இவ்வூசலுக்கு ஏற்பக் காந்தமாகித் திரும்பவும் எதிர்க் காந்தமாகின்றது. ஒவ்வொரு முறையும் இரும்பு சற்றுப் பின்தங்கியே மாறுகின்றது. விருப்பமில்லாத மாடு கயிற்றுக்குப் பின்னால் இழுபட்டு வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வாறு இழுபடுவதில் செலவாகும் ஆற்றல் வெப்பமாகி வீணாகின்றது. இதற்குக் காந்தப் பின்னிடைவு என்று பெயர். அந்நாட்களில் மோட்டரைச் செய்து முடித்து ஓட்டிப் பார்த்த பின்னரே அது சூடேறுமா என்பது தெரியவந்தது. சூடேறினால் தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். ஸ்ரைன்மெற்ஸ் பிறர் அளந்த அளவைகளை ஆராய்ந்தார்; பின்னர் தாமே பலவகை இரும்புகளை அளந்தார். இவ்விழப்பு காந்தப்பாய அடர்த்தியின் 1.6ஆம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகின்றது என்னும் விதியைக் கண்டார். 1892ஆம் ஆண்டு ஜனவரியிலே அமெரிக்க மின்பொறியியலாளர் சங்கத்திலே அவர் இதனைப் படித்தபோது, அந்நாட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகூட நிறைந்திருக்கவில்லை. ஆங்கிலம் இன்னும் தடுமாறியது. எண்கள் தடுமாறவில்லை.

அடுத்த ஆண்டு, 1893இலே, சிக்காகோ நகரில் நடந்த அனைத்துலக மின்னியல் மாநாட்டிலே மற்றொன்றைச் சொன்னார். ஆடலோட்டத்தைக் கணக்கிடுவதற்கு அதுவரை ஒவ்வொரு கணத்துக்கும் அலையை வரைந்து நுண்கணிதத்தால் உழைக்க வேண்டியிருந்தது. ஸ்ரைன்மெற்ஸ், அலையின் பருமனையும் அது முந்துவதா பிந்துவதா என்பதையும் சேர்த்து ஒரே சிக்கலெண்ணாக எழுதிக்காட்டினார். கூட்டலும் பெருக்கலும் அறிந்த பொறியியலாளர் எவரும் பின்னர் அக்கணக்கைச் செய்ய முடிந்தது. அதே ஆண்டிலே ஆதர் கெனலி என்பவரும் இவ்வழியிலே எழுதினார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். ஆயினும் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி நூல்களாக எழுதி உலகுக்குக் கற்பித்தவர் ஸ்ரைன்மெற்ஸே. ஊரிலே உயர்தர வகுப்புக்குத் தூய கணிதம் நாம் படிப்பித்த காலத்தில், எதிர் ஒன்றின் வர்க்கமூலத்தினால் உலகத்துக்கு என்ன பயன் என்று பின்வாங்கிலிருந்து ஆண்டுதோறும் ஒருவன் கேட்பான். அறையிலே எரிந்துகொண்டிருக்கும் மின்குமிழை நாம் காட்டுவோம். மின்சாரம் இருந்த நாட்களில்!

ஜெனரல் எலெக்றிக் என்னும் பெருநிறுவனம் ஐக்கமையரின் தொழிற்சாலையை விலைக்கு வாங்கியது. அதனுடன் ஸ்ரைன்மெற்ஸையும் பெற்றுக்கொண்டது. 1894ஆம் ஆண்டிலிருந்து இறக்கும்வரை நியூயோர்க் மாநிலத்து ஸ்கெனெக்ரடி நகரே அவரது ஊராயிற்று. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற வேளை கார்ல் என்னும் பெயரைச் சார்ள்ஸ் என மாற்றி, மாணவப் பருவத்திலே தோழர்கள் இட்ட புரோற்றியஸ் என்னும் பட்டப்பெயரையும் நடுவிலே சேர்த்துக்கொண்டார். நினைத்த வடிவெல்லாம் எடுக்க வல்ல கிரேக்கக் கடல்தெய்வத்தின் பெயர் அது. அந்நிறுவனத்தின் பெயர்பெற்ற ஆராய்ச்சிக்கூடம் 1900ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது, இவரது வீட்டுக்குப் பின்னாலிருந்த வண்டிக் கொட்டகையிலேதான்.

மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டு செல்வது அக்காலத்தின் பெரும் பிரச்சினை. கம்பியிலே ஏற்படும் இழப்பு, ஓடும் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆயிரம் கிலோவாற்று வலுவை ஆயிரம் வோல்ற்றிலே அனுப்பினால் ஆயிரம் அம்பியர் ஓட வேண்டும். பத்தாயிரம் வோல்ற்றிலே அனுப்பினால் நூறு அம்பியர் போதும். ஓட்டம் பத்திலொன்றாகும்போது, அதே கம்பியிலே இழப்பு நூறிலொன்றாகி விடுகின்றது. ஆகவே அழுத்தத்தை உயர்த்துவதே வழி. 1896ஆம் ஆண்டு நயாகரா நீர்வீழ்ச்சியிலிருந்து பபலோ நகருக்கு, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம், 11,000 வோல்ற்றிலே மின்சாரம் சென்றது. அப்படியானால் அழுத்தத்தை இலட்சமாகவும் பத்து இலட்சமாகவும் உயர்த்திக்கொண்டே போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் காற்று குறுக்கே நிற்கின்றது.

காற்று ஒரு நல்ல காவலி. ஆனால் அதன் பொறுமைக்கும் எல்லை உண்டு. ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ற்று என்னும் அளவைத் தாண்டினால், காற்றின் மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்கள் பிடுங்கப்பட்டு, அக்காற்றே மின்னைக் கடத்தத் தொடங்கிவிடும். மெல்லிய கம்பியின் மேற்பரப்பிலே இவ்வழுத்தம் குவிகின்றது. முதலில் சீறல் ஒலி. பின்னர் ஊதா ஒளி. மூக்கிலே ஓசோன் வாயுவின் காரமான மணம். ஒளிவட்டம் போலக் கம்பியைச் சூழ்வதால் இதற்குக் கொரோனா என்று பெயரிட்டனர். 1890களிலே ஸ்ரைன்மெற்ஸ் காற்றும் பிற காவற்பொருள்களும் எவ்வளவு அழுத்தத்திலே உடைகின்றன என்று அளந்து கட்டுரைகள் எழுதினார். கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹரிஸ் றையன் 1904இலே இதனை மேலும் ஆராய்ந்தார். ஸ்கெனெக்ரடியிலே ஸ்ரைன்மெற்ஸின் வழிகாட்டலில் பணியாற்றிய பீக் என்னும் இளம் பொறியியலாளர், 1911ஆம் ஆண்டிலே இதற்கென ஒரு விதியை வகுத்து வெளியிட்டார். கொரோனா தொடங்கும் அழுத்தத்துக்கு மேலே எவ்வளவு மிகையோ, அம்மிகையின் வர்க்கத்துக்கு ஏற்ப இழப்புக் கூடுகின்றது. ஆகையால் எல்லைக்குக் கீழே நிற்கும் வரை கவலையில்லை. தாண்டினால் இழப்பு விரைந்து ஏறும். கம்பி தடித்தால் எல்லை உயரும். கம்பியின் மேல் தூசியும் கீறலும் மழைத்துளியும் இருந்தால் எல்லை தாழும். மழை நாளிலே ஒலி மிகுவதற்குக் காரணம் இதுவே.

பீக்கின் விதியைப் பொறியியல் மாணவர்கள் இன்றும் கற்கின்றனர். இன்று பெரிய கோபுரங்களை நீங்கள் உற்றுப் பார்த்தால், ஒரே கம்பிக்குப் பதிலாக இரண்டு, மூன்று, நான்கு கம்பிகள் சிறிய இடைவெளியுடன் ஒன்றாகச் செல்வதைக் காண்பீர்கள். பல கம்பிகள் சேர்ந்து ஒரு தடித்த கம்பி போல நடிக்கின்றன. 1960களிலே 500,000 வோல்ற்றுக்கும் அதற்கு மேலும் மின்தொடர்கள் அமைக்கப்பட்டபோது, இழப்பைவிட ஒலியே பெருந்தொல்லையாயிற்று. அயலவர் உறக்கம் கெடும் அளவு எது என்று மழையிலே ஒலிவாங்கிகளை வைத்து அளந்தனர். அந்த ஆய்வுகள் யாவும் ஸ்கெனெக்ரடியிலே போட்ட அத்திவாரத்தின் மீது எழுந்தவையே.

இனித் தொழிலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்சாரம் புதிதாக வந்த நாட்களில் கம்பத்தில் ஏறி வேலை செய்தவர்களின் உயிருக்கு உத்தரவாதம் இருக்கவில்லை. 1891ஆம் ஆண்டு சென் லூயிஸ் நகரிலே அமெரிக்க மின்தொழிலாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அதன் முதல் தலைவராயிருந்த ஹென்றி மில்லர், 1896இலே வாஷிங்டனில் கம்பத்தின்மேல் வேலை செய்யும்போது மின்தாக்கி, கீழே விழுந்து மாண்டார். சங்கத்தின் தலைவருக்கே அந்தக் கதி என்றால் மற்றையோரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்விபத்துகளிலே ஒருவகை, கம்பியிலே மின்சாரம் இல்லை என்று நம்பியிருக்கும்போது வருவது. தண்ணீர்க் குழாயைச் சடாரென்று மூடினால் குழாய் முழுவதும் அதிர்வதைக் கண்டிருப்பீர்கள். ஓடி வந்த நீர் நிற்க மனமின்றி மோதுகின்றது. மின்தொடரிலும் ஆளியைத் திறக்கும்போதோ மூடும்போதோ, பத்துக் கல் தொலைவிலே மின்னல் விழும்போதோ, ஓர் அலை கம்பி வழியே பாய்ந்து வருகின்றது. அது நிலைப்பது செக்கனின் மிகச் சிறு பங்கு. அதற்குள் பீங்கான் காவலிகள் சிதறும், நிலைமாற்றிகள் எரியும், கம்பியைத் தொட்டவன் பிழைப்பதரிது. ஸ்ரைன்மெற்ஸ் தமது வாழ்வின் பிற்பகுதியைப் பெரிதும் இவ்வலைகளுக்கே அர்ப்பணித்தார். 1909இலே இப்பொருள் பற்றி விரிவானதொரு நூலை வெளியிட்டார். நிறுத்திய கம்பியானாலும் இருபுறமும் நிலத்துடன் இணைத்துவிட்டே அதிலே கைவைக்க வேண்டும் என்பது இன்று மின்தொழிலாளி முதல்நாளே கற்கும் பாடம். அந்த எதிர்பாராத அலை எவ்வாறு வருகின்றது என்பதை அறிந்தால் அப்பாடத்தின் பொருள் விளங்கும். (பிள்ளைகளே, காகம் கம்பியிலே இருக்கின்றது, நாமும் தொடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். காகத்தின் இரு கால்களும் ஒரே கம்பியில். நீங்களோ நிலத்தில் நிற்கின்றீர்கள். பட்டம் கம்பியிலே சிக்கினால் அதனை மறந்துவிடுங்கள்.)

மின்னல் எப்போது விழும், எங்கே விழும் என்று காத்திருந்து ஆராய்வது இயலாத காரியம். ஆயினும் ஒருமுறை மின்னலே அவரைத் தேடி வந்தது. மொஹோக் ஆற்றங்கரையிலே ஒரு கிளையாற்றின் ஓரமாக அவருக்கு மரத்தாலான சிறிய கோடைக் குடில் இருந்தது. 1920களின் தொடக்கத்திலே அங்கே மின்னல் தாக்கிற்று. உள்ளே இருந்த கண்ணாடி சில்லுச் சில்லாய்ச் சிதறிற்று. வேறொருவராயின் கூட்டி அள்ளி எறிந்திருப்பர். ஸ்ரைன்மெற்ஸ் சிதறிய துண்டுகளையெல்லாம் பொறுக்கியெடுத்துப் பொருத்தி, இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்துப் பாதுகாத்தார். மின்னல் சென்ற பாதை அதன் பின்புறத்து வெள்ளிப் பூச்சிலே எழுதியிருந்தது. குடிலிலே அது விளைத்த சேதத்தையும் ஆராய்ந்து, மின்னலின் அழுத்தமும் ஓட்டமும் எவ்வளவாயிருக்கும் என்று கணக்கிட முயன்றார்.

பின்னர் தாமே மின்னலைச் செய்யத் துணிந்தார். கண்ணாடித் தகடுகளும் உலோகத் தகடுகளும் அடுக்கிய கொள்ளளவிகளிலே மின்னைச் சிறிது சிறிதாக நிரப்பி, ஒரே கணத்திலே திறந்துவிடும் பொறி அது. 1922ஆம் ஆண்டு செய்தியாளர் முன்னிலையிலே அதனை இயக்கிக் காட்டினார். ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வோல்ற்று, பத்தாயிரம் அம்பியர், நிலைத்த நேரமோ செக்கனின் இலட்சத்திலொரு பங்கு. அக்கணத்திலே வெளிப்பட்ட வலு பத்து இலட்சம் குதிரைவலுவுக்கு மேல். முன்னே வைத்த மரக்கட்டை வெடித்துத் தூளாகியது. சிறு மாதிரி மரமொன்று பிளந்தது. மக்கள் அதை வேடிக்கையாகப் பார்த்தனர். ஆனால் பொறியின் நோக்கம் வேடிக்கையன்று. மின்னல்தடுப்பான்களையும் காவலிகளையும் கம்பத்தில் ஏற்றுவதற்கு முன்னரே கூடத்தில் வைத்து மின்னலால் அடித்துப் பார்க்கலாம் என்பதே அதன் பயன். அதே ஆண்டு ஒக்ரோபரில் தோமஸ் அல்வா எடிசன் அங்கு வந்தார். இருவரும் உடைந்த பீங்கான் காவலிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் படமொன்று இன்றும் உண்டு. எடிசனுக்குக் காது கேளாது. ஸ்ரைன்மெற்ஸ் அவரது முழங்காலிலே விரலால் தந்திக்குறிகளைத் தட்டிப் பேசினார் என்பர். இளமையிலே தந்தி ஊழியராயிருந்த எடிசனுக்கு அம்மொழி நன்கு தெரியும்.

விஞ்ஞானி என்ற அளவில் அவர் நின்றுவிடவில்லை, ஆசிரியருமாயிருந்தார். 1902ஆம் ஆண்டிலே ஸ்கெனெக்ரடியின் யூனியன் கல்லூரியிலே மின்பொறியியற் பகுதியைப் பொறுப்பேற்றுப் பல ஆண்டுகள் கற்பித்தார். பிரெஸ்லவிலே கைநழுவிய கலாநிதிப் பட்டத்தை 1903இல் அக்கல்லூரியே அவருக்கு வழங்கிற்று. பதினைந்து ஆண்டுகள் காத்திருந்த பட்டம்!

1911ஆம் ஆண்டு நகரசபைத் தேர்தலிலே சோசலிசக் கட்சியினர் வென்றனர். புதிய நகரபிதா ஜோர்ஜ் லன், ஸ்ரைன்மெற்ஸைக் கல்விச் சபைக்கு நியமித்தார். சபை அவரைத் தலைவராக்கியது. தொழிற்சாலை வளர வளர, பல நாடுகளிலிருந்தும் குடியேறிய தொழிலாளரின் பிள்ளைகளால் அந்நகரப் பள்ளிகள் நிரம்பி வழிந்த காலம் அது. இடமின்றிப் பிள்ளைகள் அரைநாள் வகுப்புக்கு வந்து திரும்பினர். புதிய பள்ளிகளைக் கட்டுவித்தார். பாடநூல்களை இலவசமாக்கினார். ஆங்கிலம் அறியாது வந்த பிள்ளைகளுக்கும், உடலாலோ உளத்தாலோ பின்தங்கிய பிள்ளைகளுக்கும் தனி வகுப்புகள் ஏற்படுத்தினார். இருநூறு புத்தாக்க உரிமைகள் வரை பெற்ற மனிதர், எந்தப் பள்ளியில் எத்தனை வாங்கு குறைகின்றது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரது விதிகளுக்கும் நூல்களுக்கும் நிகராகவே இப்பணியை நாம் மதிக்கின்றோம். துறைமுகத்திலே ஆங்கிலம் அறியாது நின்றவருக்கு அப்பிள்ளைகளின் முகம் புதிதன்று.

தமது உடற்குறை தம் பிள்ளைகளுக்கும் வந்துவிடும் என்று அஞ்சி அவர் மணம் புரியவில்லை. ஆயினும் தனித்து வாழவுமில்லை. ஜோசப் ஹெய்டன் என்னும் இளம் உதவியாளரை மகனாகச் சட்டப்படி ஏற்றுக்கொண்டார். ஹெய்டனும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் அவர் வீட்டிலேயே வாழ்ந்தனர். அப்பிள்ளைகளுக்கு அவர் பாட்டன். கதை சொல்வார், கண்ணாடிக் குழாய்களிலும் இரசாயனப் பொருள்களிலும் வேடிக்கை காட்டுவார். கள்ளிச் செடிகளும் ஓர்க்கிட் மலர்களும் நிறைந்த கண்ணாடித் தோட்டமொன்று வீட்டோடு இருந்தது. முதலையினத்தைச் சேர்ந்த அலிகேற்றர்களையும் வளர்த்தார். அயலவருக்கு அது பிடித்திருக்குமோ என்பது வேறு விடயம். சுருட்டு மட்டும் வாயை விட்டு நீங்காது. கோடைநாட்களிலே சிறுதோணியின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் தாள்களைப் பரப்பி, நீரின்மேல் மிதந்தவாறே கணக்குச் செய்வார். அவ்வாறு செய்த கணக்குகளிலே பல மின்தொடர்கள் பிறந்தன.

அவரைப் பற்றி ஊரெங்கும் வழங்கும் கதையொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஹென்றி போட்டின் தொழிற்சாலையிலே பழுதான பெரிய இயந்திரத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, கோடு போட ஒரு டொலர், எங்கே போடுவது என்று அறிந்ததற்கு மிகுதிப் பெருந்தொகை எனக் கணக்கு அனுப்பினாராம். கேட்க இனிய கதை. அது நடந்ததற்குச் சான்று இல்லை. பெயர்களை மாற்றி வேறு பலரைப் பற்றியும் இக்கதை சொல்லப்படுகின்றது. இன்னொன்று: ஐன்ஸ்ரைனும் ஸ்ரைன்மெற்ஸும் இருவர் மட்டுமே நிற்கும் பெயர்பெற்ற படம். அது 1921ஆம் ஆண்டிலே நியூஜேர்சி மாநிலத்து வானொலி நிலையமொன்றில் பலர் சேர்ந்து நின்று எடுத்த படம். மற்றையோரைப் பின்னர் அழித்துவிட்டனர். புத்தகத்தில் அச்சான படம் என்பதற்காக எல்லாவற்றையும் நம்பிவிடக்கூடாது.

1923ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு நீண்டதொரு பயணஞ் செய்து திரும்பினார். அவ்வாண்டிலேதான் கலிபோர்னியாவின் மலைகளிலிருந்து 220,000 வோல்ற்றிலே மின்சாரம் நகரங்களுக்கு வந்து சேர்ந்தது. நயாகராவின் 11,000 வோல்ற்றிலிருந்து அந்நிலைக்கு வர 27 ஆண்டுகளே சென்றன. பயணக் களைப்போடு வீடு வந்தவர், சில நாட்கள் படுக்கையிலிருந்தார். ஒக்ரோபர் 26ஆம் நாள் காலை, இதயம் நின்று அமைதியாக உயிர் நீத்தார். வயது 58. பெருநிறுவனத்தின் தலையாய அறிஞராய் விளங்கியவர், சொத்து என்று சொல்லத்தக்க எதனையும் விட்டுச் செல்லவில்லை.

அவர் வாழ்ந்த வீடு பின்னாளில் இடிக்கப்பட்டது. அவ்விடம் இன்று பூங்காவாக உள்ளது. 2015ஆம் ஆண்டிலே ஸ்கெனெக்ரடி நகரிலே எடிசனுக்கும் அவருக்கும் அருகருகே வெண்கலச் சிலைகள் எழுப்பினர். 1914இலே செய்யப்பட்ட அவரது மின்கலக் கார் யூனியன் கல்லூரியிலே பேணப்படுகின்றது. அக்கல்லூரியிலே ஆண்டுதோறும் ஸ்ரைன்மெற்ஸ் பெயரால் ஓர் அரங்கு நடைபெறுகின்றது. அங்கே பேசுவோர் பேராசிரியர்கள் அல்லர், மாணவர்கள். தாம் அவ்வாண்டிலே ஆராய்ந்தவற்றை ஒருவர்பின் ஒருவராக எழுந்து நின்று சபைக்கு எடுத்துரைக்கின்றனர்.